மலிந்தா சுரங்கம், கேசோன் வீடு: போர்க்காலத்து அவுரோராவைத் தேடிப் போகிறவர்களுக்கு

பிலிப்பைன்சில் அதிபர் மனுவேல் கேசோனுக்கு நினைவிடங்கள் ஏராளம். அவர் மனைவி அவுரோரா அரகோன் கேசோன் இரண்டாம் உலகப் போர்க்காலத்தை எப்படிக் கழித்தார் என்று பார்க்கப் போகிறவர்கள்தான் கொஞ்சம் பாடுபட வேண்டும். பெரும்பாலான இடங்களில் அவரைக் கணவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளாகத்தான் காண முடியும். ஆனாலும் இரண்டு இடங்களைச் சரியான வரிசையில், சில கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த வாழ்க்கை நன்றாகவே பிடிபடும். ஒன்று, கேசோன் சிட்டி நினைவு வட்டத்துக்குள் இருக்கும் கேசோன் பாரம்பரிய வீடு. மற்றது, மணிலா விரிகுடாவின் வாயிலில் இருக்கும் கொரெகிடோர் தீவின் மலிந்தா சுரங்கம். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தயங்காமல் சுரங்கத்துக்குப் போங்கள். இரண்டுக்கும் நேரம் இருந்தால் வீட்டை முதலில் பாருங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய தேதிகள் சில. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது கேசோன் பாகியோவில் இருந்தார். டிசம்பர் 24 அன்று குடும்பம் மணிலாவிலிருந்து மாயோன் என்ற கப்பலில் ஏறி கொரெகிடோர் போய்ச் சேர்ந்தது. அவுரோராவுக்கு அப்போது 53 வயது. மூத்த மகள் மரியா அவுரோராவுக்கு 22, இளையவள் செனைடாவுக்கு 20, மகன் மனுவேலுக்கு 15. கணவருக்கோ காசநோய் முற்றிக்கொண்டிருந்தது. 1942 ஜனவரி 2 அன்று ஜப்பானியப் படை மணிலாவுக்குள் நுழைந்தது. பிப்ரவரி 20 இரவு குடும்பம் நீர்மூழ்கிக் கப்பலில் தீவை விட்டுப் புறப்பட்டது. ஆக, எட்டு வாரத்துக்கும் சற்று அதிகமாகச் சுரங்க வாழ்க்கை. இந்த எட்டு வாரம்தான் இந்த விமர்சனத்தின் மையம்.

வீட்டிலிருந்து தொடங்குவோம். இது முதலில் நியூ மணிலா பகுதியில் கில்மோர் அவென்யூவில் இருந்தது. 1927இல் கேசோன் குடும்பம் வாங்கியது. 2013இல் பிரித்துக் கொண்டுவந்து நினைவு வட்டத்துக்குள் மறுபடி கட்டினார்கள். இடம் மாற்றிக் கட்டிய எந்த வீட்டிலும் பழைய பாகமும் புதிய பாகமும் கலந்துதான் இருக்கும். அதனால் உள்ளே நுழைந்ததும் பொறுப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, எது கில்மோரிலிருந்து வந்தது, எது இங்கே செய்து பொருத்தியது என்பதைத்தான். இதைக் கேட்காமல் சுற்றினால் நேற்று பூசிய சுவரைப் பார்த்து 1930களை வியந்துவிட்டு வர வாய்ப்பு உண்டு.

வீட்டின் பலம், ஒரு குடும்பத்தின் இட வசதியைக் கண்ணால் அளக்க முடிவது. வரவேற்பறை, சாப்பாட்டு அறை, படுக்கையறைகள், ஆளுக்கு ஒரு கதவு. இந்த அளவை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், தீவில் தேவைப்படும். பலவீனம், வீடு என்பதால் அது ஆண்டு வாரியாகக் கதை சொல்லாது. போருக்கு முன்னும் பின்னும் இங்கே வாழ்ந்த குடும்பத்தின் சூழல் தெரியுமே தவிர, 1941 டிசம்பரில் என்ன நடந்தது, வீட்டை விட்டுப் போனவர்கள் எதை எடுத்துப் போனார்கள், எதை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. முக்கால் மணி நேரம் இங்கே தாராளம்.

அதே வட்டத்தின் நடுவில் 66 மீட்டர் உயரத்தில் மூன்று தூண்கள் நிற்கும். லூசோன், விசாயாஸ், மின்டனாவ் என்ற மூன்று தீவுப் பகுதிகளைக் குறிப்பவை. அடியில் இருக்கும் மனுவேல் கேசோன் அருங்காட்சியகம் தேசிய வரலாற்று ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. நுழைவு இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. கேசோனின் கல்லறையும் இங்கேதான். 1944 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் லேக்கில் இறந்தவரை முதலில் ஆர்லிங்டனில் அடக்கம் செய்தார்கள். 1946இல் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து மணிலா வடக்குக் கல்லறையில் வைத்தார்கள். 1979இல் இங்கே மாற்றினார்கள். அவுரோராவின் எச்சங்கள் 2005இல்தான் வந்து சேர்ந்தன. கணவருக்கு 26 ஆண்டுகள் கழித்து! இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால், அவரைப் பற்றிய செய்திகளை ஏன் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது தானாகப் புரியும்.

வட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு எச்சரிக்கை. சுற்றிலும் ஓடும் எலிப்டிகல் ரோடு மிக அகலமானது, வண்டிகள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நடந்து குறுக்கே கடக்க நினைக்கவே கூடாது. நகர மன்றக் கட்டடத்தின் பக்கமிருந்து சுரங்கப்பாதை இருக்கிறது, அதில் வாருங்கள். டாக்சியில் வருகிறவர்கள் வட்டத்துக்கு வெளியே இறங்கிவிடாமல் உள்ளே இருக்கும் வாகன நிறுத்தம் வரை விடச் சொல்வது நல்லது.

இனி கொரெகிடோர். தீவு மணிலாவிலிருந்து 48 கிலோமீட்டர். பத்தான் தீபகற்பத்திலிருந்து பார்த்தால் மிக அருகில். மணிலாவிலிருந்து ஓடிக்கொண்டிருந்த நேரடிப் பயணப் படகு 2020 பெருந்தொற்றோடு நின்றது. அதன் பிறகு படகு இயக்குபவர்களும் புறப்படும் இடங்களும் மாறிக்கொண்டே வந்திருப்பதால் பழைய பயணக் கட்டுரைகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். பத்தானில் உள்ள மரிவெலெஸ் பக்கமிருந்து கடப்பது தூரம் குறைவு, ஆனால் அதுவரை சாலைப் பயணம் நீளும். ஜூன் முதல் நவம்பர் வரை புயலும் தென்மேற்குப் பருவக் காற்றும் விரிகுடாவைக் கலக்கும் காலம், படகு ரத்தாவது சகஜம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவது உத்தமம். அவுரோரா இருந்ததும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் என்பதால் அதே வெயிலும் அதே காற்றும் உங்களுக்கும் கிடைக்கும்.

தீவில் வழக்கமான சுற்றுலா, பக்கங்கள் திறந்த டிராம் வடிவப் பேருந்தில் வழிகாட்டியோடு நடப்பது. பீரங்கித் தளங்கள், மைல் நீளப் படைவீடு, பசிபிக் போர் நினைவிடம், கலங்கரை விளக்கம், ஜப்பானியத் தோட்டம் என்று நாள் முழுக்க ஓடும். படைத் தளவாடங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு அருமையான பயணம். நம் நோக்கத்துக்கு இதில் பாதி தேவையில்லை. தேவையானதோ, மலிந்தாவில் கூடுதல் நேரம். எனவே படகில் ஏறும்போதே வழிகாட்டியிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். சுரங்கத்தின் வடபுறம் இருக்கும் மருத்துவமனை வாயிலில் வண்டியைச் சற்று நிறுத்த வேண்டும். ஒளி-ஒலி நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு கிளைச் சுரங்கத்தின் முகப்பிலாவது நின்று பார்க்க நேரம் வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் நடக்கும். சுரங்க வாசலில் நின்று கேட்டால் அடுத்த குழு காத்திருக்கும், நடக்காது.

சுரங்கத்தின் அமைப்பு இப்படி. அமெரிக்க ராணுவம் 1922இல் தொடங்கி 1932இல் முடித்தது. கிழக்கு மேற்காகக் குன்றைத் துளைத்துப் போகும் முதன்மைச் சுரங்கம் 253 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் அகலம், 5.5 மீட்டர் உயரம். அதன் வடக்கே 13, தெற்கே 11 என்று கிளைச் சுரங்கங்கள் பிரிகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், 4.6 மீட்டர் அகலம். மருத்துவமனைக்குத் தனி வாயிலும் தனிக் கிளைகளும் உண்டு. கேசோன் குடும்பம் தங்கியது இந்த மருத்துவமனைப் பகுதியில்.

இப்போது அந்த 4.6 மீட்டரைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இரண்டு மீட்டர் நீளக் கட்டில்களை இரு சுவர்களிலும் தலைமாடு படும்படி போட்டால் நடுவில் மிஞ்சுவது 60 சென்டிமீட்டர். ஒருவர் நடந்து போனால் எதிரே வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். கதவு கிடையாது. ஜன்னலுக்கு வழியே இல்லை. சுவர் கான்கிரீட். கில்மோர் வீட்டின் அறைகளை முதலில் பார்த்துவிட்டு வரச் சொன்னது இதற்காகத்தான். காசநோயாளிக் கணவர், திருமண வயதில் இரண்டு மகள்கள், வளர்ந்த மகன், சுற்றிலும் காயம்பட்ட சிப்பாய்கள். இவர்களுக்கு நடுவே உடை மாற்றுவதும் குளிப்பதும் நோயாளிக்குத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்வதும் எப்படி நடந்திருக்கும்? காசநோய்க்கு அந்தக் காலத்தில் மருந்து இல்லை. ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று, இவைதான் சிகிச்சை. மூன்றுமே இல்லாத இடத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவுரோராவிடம் இருந்தது.

தீவின் மீது முதல் பெரிய குண்டுவீச்சு டிசம்பர் 29 அன்று. குன்றின் பாறை சுரங்கத்தைக் காத்தது, குண்டு உள்ளே வரவில்லை. உள்ளே இருந்தவர்களை வதைத்தவை வேறு. ஒவ்வொரு அதிர்வுக்கும் கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தூசி கொட்டும். மின்சாரம் நின்றால் விளக்கோடு காற்று விசிறிகளும் நிற்கும். சில நிமிடங்களில் வெப்பமும் நாற்றமும் ஏறிவிடும். ஆரோக்கியமான நுரையீரலே திணறும் காற்று அது. மறுநாள், டிசம்பர் 30 அன்று, சுரங்க வாயிலுக்கு வெளியே போட்ட மேடையில் கேசோன் இரண்டாம் முறையாகப் பதவியேற்றார். தலைமை நீதிபதி ஹோசே அபாத் சாந்தோஸ் உறுதிமொழி செய்துவைத்தார். சுரங்க வாயிலில் நின்று பார்க்கும்போது, அந்த விழா ஏன் உள்ளே நடக்கவில்லை என்பது மூச்சு விடும்போதே விளங்கும்.

சாப்பாடும் விரைவில் சுருங்கியது. ஜனவரி தொடக்கத்தில் பத்தானிலும் கொரெகிடோரிலும் இருந்த படைகளுக்குப் பாதி ரேஷன் உத்தரவானது. அமெரிக்கத் தளபதி மக்கார்தரின் மனைவி ஜீன், அவர்களின் சிறு மகன், அமெரிக்க அரசின் பிரதிநிதியான ஹை கமிஷனர் பிரான்சிஸ் சேரின் மனைவி என்று வேறு குடும்பங்களும் அதே சுரங்கத்தில் இருந்தன. வெளியுலகுக்குத் தெரிந்தவை அறிக்கைகளும் தந்திகளும்தான். உள்ளே அன்றாடம் என்பது தண்ணீர், போர்வை, இருமல், வானொலிச் செய்தி.

ஒளி-ஒலி நிகழ்ச்சியைப் பற்றி. தேசியக் கலைஞர் விருது பெற்ற லம்பெர்தோ அவெல்யானா உருவாக்கியது. முதன்மைச் சுரங்கத்தில் நடந்துகொண்டே பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளையின் முன்னும் இருட்டில் நிற்பீர்கள், உள்ளே சிலைகள் மீது விளக்கு விழும், குரலும் வெடியோசையும் கேட்கும். ஏறக்குறைய அரை மணி நேரம். ஓசை வடிவமைப்பு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிறது. சுரங்கத்தில் வெடியோசை எப்படி உருண்டு வரும் என்பதை உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. முடிவில் பிலிப்பைன்ஸ் கொடியும் தேசிய கீதமும் வரும், அசையாமல் நின்று மரியாதை செய்ய வேண்டும். குறை என்றால், இது படைகளின் கதை, தலைவர்களின் கதை. அவுரோரா இதில் ஓரத்து ஆள். கட்டணம் பல சமயம் பயணச்சீட்டில் சேராது, முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டும் திடீர் ஓசையும் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்களும் யோசித்துப் போகலாம், உள்ளே ஈரமும் புழுக்கமும் உண்டு. வழுக்காத செருப்பு, கைவிளக்கு, குடிநீர் கட்டாயம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று சில கிளைச் சுரங்கங்கள் இடிந்து மண் மூடிக் கிடக்கும். பார்ப்பவர்கள் 1942 குண்டுவீச்சின் கோலம் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். உண்மையில் 1945 பிப்ரவரி 16 அன்று அமெரிக்கர்கள் தீவை மீட்க இறங்கிய பிறகு, உள்ளே சிக்கிய ஜப்பானியப் படையினர் சுரங்கத்துக்குள்ளேயே வெடிமருந்தைக் கொளுத்தினார்கள். இடிபாடுகள் பெரும்பாலும் அந்த வெடிப்பின் விளைவு. அவுரோரா இருந்தபோது சுரங்கம் முழுசாக, வெள்ளையடித்து, ஆட்கள் நெருக்கியடித்து இருந்தது. இடிபாட்டை மனதிலிருந்து நீக்கிவிட்டு, கட்டில்களை நிரப்பிப் பார்த்தால்தான் சரியான காட்சி கிடைக்கும்.

இன்னொரு குறை, தீவில் சொல்லப்படும் கதை 1942 மே 6 அன்று தீவு ஜப்பானியரிடம் சரணடைந்ததை நோக்கி ஓடுவதால், பிப்ரவரி 20க்குப் பின் அவுரோராவுக்கு என்ன ஆனது என்பது விட்டுப்போகிறது. ஒரு வரைபடத்தைக் கையில் எடுத்துப் போங்கள். சுவார்டுஃபிஷ் என்ற நீர்மூழ்கியில் பனாய் தீவு. அங்கிருந்து நெக்ரோஸ். மார்ச் 18 இரவு வேகப் படகில் மின்டனாவ். சாலை வழியே டெல் மோந்தே விமானத் தளம். பி-17 குண்டுவீச்சு விமானத்தில் ஆஸ்திரேலியா. கடைசியாக பிரெசிடென்ட் கூலிட்ஜ் கப்பலில் மே 8 அன்று சான் பிரான்சிஸ்கோ. 11 வாரத்தில் நீர்மூழ்கி, வேகப் படகு, போர் விமானம், கப்பல் என்று மாறி மாறி, நோயாளியோடும் மூன்று பிள்ளைகளோடும். மலிந்தாவின் கிழக்கு வாயிலில் நின்று இந்த வழியை விரலால் தொடர்ந்து பார்ப்பது, நிகழ்ச்சியில் விட்டுப்போன பாதியை நீங்களே நிரப்பிக்கொள்ளும் வழி.

நாட்டை விட்டுப் போக முடிந்தவர் அவுரோரா. போகாத மனைவியரும் உண்டு, அவர்களைச் சேர்க்காமல் இந்தப் பொருள் முழுமை ஆகாது. துணை அதிபர் செர்கியோ ஓஸ்மென்யா கேசோனோடு அமெரிக்கா போனார், மனைவி எஸ்பெரான்சா நாட்டிலேயே இருந்தார். ஜப்பானிய ஆதரவில் 1943 அக்டோபர் 14 அன்று அமைந்த குடியரசின் அதிபர் ஹோசே லாரெலின் மனைவி பசென்சியா. 1944 ஆகஸ்ட் 1 அன்று கேசோன் இறந்து ஓஸ்மென்யா பதவிக்கு வந்ததும், ஆக்கிரமிப்பில் இருந்த ஒரே நாட்டுக்குள் இரண்டு அதிபர்களின் மனைவியர் இருந்தார்கள்! ஒருவரின் கணவர் மணிலாவின் மலக்கன்யாங் அதிபர் மாளிகையில், மற்றவரின் கணவர் வாஷிங்டனில். இந்த விசித்திரத்தை எந்தக் காட்சிக்கூடமாவது தனி அறையாக வைத்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

லாரெல் குடும்பத்தின் தடயத்துக்கு, நினைவு வட்டத்துக்குள்ளேயே இருக்கும் அதிபர் கார் அருங்காட்சியகத்தில் அவருடைய 1942 பாக்கார்டு வண்டியைப் பார்க்கலாம். கேசோனின் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோவும் அங்கே உண்டு. வண்டிகளுக்கு அருகே நின்றால் அலங்காரம்தான் கண்ணில் படும். ஆனால் லாரெல் குடும்பத்தின் போர் அலங்காரமாக முடியவில்லை. 1945 மார்ச்சில் பாகியோவிலிருந்து துகெகராவ் வரை நிலவழி, அங்கிருந்து விமானத்தில் தைவான், பிறகு ஜப்பானின் நாரா நகரம். அங்கே நாரா ஹோட்டலில் இருந்துதான் ஆகஸ்ட் 17 அன்று லாரெல் தன் அரசைக் கலைத்தார். செப்டம்பரில் அவரைக் கைது செய்து யோகோஹாமா சிறைக்கும் பிறகு சுகாமோ சிறைக்கும் கொண்டுபோனார்கள். 1909இல் திறந்த அந்த ஹோட்டல் இன்றும் நடக்கிறது, ஜப்பான் போகிறவர்கள் ஒரு வேளை தேநீருக்காவது போகலாம். மலக்கன்யாங் அருகே பழைய மாளிகைகளில் 2023இல் திறந்த காட்சிக்கூடங்களுக்கு முன்பதிவு அவசியம். அதிபர்கள் வரிசையைப் பார்க்க நல்லது, மனைவியரின் போர் வாழ்க்கைக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

அவுரோராவின் பிற்காலத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு நீண்ட பயணம் மிச்சம் இருக்கிறது. போருக்குப் பின் நாடு திரும்பியவருக்கு அதிபரின் கைம்பெண் என்ற முறையில் மாதம் 1,000 பெசோ ஓய்வூதியம் முன்வைத்தார்கள். போரில் கணவரையும் பெற்றோரையும் இழந்த மற்றவர்களுக்கு அற்பமே கிடைக்கும்போது தனக்கு வேண்டாம் என்று மறுத்தார். 1947இல் பிலிப்பைன் தேசிய செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1949 ஏப்ரல் 28 அன்று, சொந்த ஊரான பலேரில் ஒரு மருத்துவமனையைத் திறந்துவைக்கப் போகும் வழியில், நுவேவா எசிஹாவின் பொங்காபோன் அருகே ஹுக்பலஹாப் என்ற இடதுசாரி கெரில்லா இயக்கத்தின் கிளர்ச்சியாளர்கள் மறைந்திருந்து சுட்டதில் மூத்த மகளோடும் மருமகனோடும் உயிரிழந்தார். அந்த மலைச்சாலையில் நினைவுக் கல் இருக்கிறது. மணிலாவிலிருந்து பலேர் போகும் பேருந்துகள் அங்கே நிற்காது, வாடகை வண்டியில் போனால்தான் இறங்கிப் பார்க்கலாம். மலைச்சாலை என்பதால் மழை நாளில் வேண்டாம், விடியலில் கிளம்பிவிடுங்கள்.

நாள் கணக்கு போடுகிறவர்களுக்கு: செவ்வாயன்று நினைவு வட்டத்தில் வீடு, அருங்காட்சியகம், கார்கள் மூன்றையும் அரை நாளில் முடியுங்கள். புதன் கொரெகிடோர். வியாழனைக் காலியாக விட்டு வையுங்கள், புதன் படகு ரத்தானால் அந்த நாள் கைகொடுக்கும். பலேருக்கு அதன் பிறகு தனியாக இரண்டு நாள்.